அமைப்புவாதம், செயல்பாட்டுவாதம்: சண்டை உண்மையில் எதைப் பற்றி?

கூழாங்கல்:

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. உளவியல் படிக்கிறேன். வரலாற்றுத் தாளில் இந்த ஒரு பாடம் மட்டும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. கைடில் ஒரே வரிதான்: மனம் எதனால் ஆனது என்று கேட்டால் அமைப்புவாதம், மனம் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் செயல்பாட்டுவாதம். மனப்பாடம் செய்தாகிவிட்டது. ஆனால் இதற்காகவா வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள்? ஒரே ஆள் காலையில் முதல் கேள்வியையும் மாலையில் இரண்டாவதையும் கேட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்?

இன்னொரு குழப்பம். அமைப்புவாதத்தைத் தொடங்கியவர் வுண்ட் என்கிறது ஒரு புத்தகம். டிட்ச்னர் என்கிறது இன்னொன்று. எதை எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

ராத்திரி ஷிப்ட்:

எதை எழுதினாலும் மார்க் போடுவார்கள் நண்பா. இரண்டுமே எப்போதோ மூட்டை கட்டிய கடைகள். கண்ணை மூடி உட்கார்ந்து "எனக்குச் சிவப்பாகத் தெரிகிறது" என்று சொல்வதை விஞ்ஞானம் என்று நம்பியது ஒரு கூட்டம். அதைக் கிண்டலடித்தது இன்னொரு கூட்டம். மனதை விடு, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் பார் என்று வாட்சன் வந்து இரண்டையும் பெருக்கித் தள்ளினார். கதை முடிந்தது.

ஓய்வூதியக்காரன்:

அவ்வளவு சீக்கிரம் முடியாது, தம்பி. நான் கல்லூரியில் இந்தத் தாளைப் பல வருடம் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வுண்ட் யார், டிட்ச்னர் யார் என்று பிரித்துவிடுவோம். வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் தொடங்கினார். உளவியல் தனித் துறையாக நின்றது அங்கிருந்து என்பது வழக்கம். அகநோக்கு என்பது தன் மனதில் நடப்பதைத் தானே கவனித்துச் சொல்வது. அவருடைய கூடத்தில் அது உட்கார்ந்து மனதுக்குள் கதை பார்ப்பதல்ல. மணியோசை முதலில் வந்ததா வெளிச்சமா, இரண்டு ஒலிகளில் எது உரக்க இருந்தது என்பது போன்ற கேள்விகள்தான் இருக்கும். சட்டென்று ஒரு தீர்ப்பு, அவ்வளவுதான். தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுக்க முடிய வேண்டும், அது எப்போது வரும் என்று உட்காருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத எதையும் கூடத்துக்குள் கொண்டுவர அவர் விடவில்லை. மொழி, தொன்மம், வழக்கம் எல்லாம் சோதனைக்கு அகப்படாது என்று சொல்லி அவற்றுக்கென்று தனியாக "மக்கள் உளவியல்" என்று 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதி எழுதினார். 1920-இல் இறந்தும் போனார்.

அவர் மனதைச் செங்கல் செங்கலாகப் பார்த்தவரும் இல்லை. மனம் தானே முனைந்து அனுபவத்தை ஒன்றுசேர்க்கிறது, கவனம் குவிகிற இடத்தில் புதிய முழுமை உருவாகிறது என்பதுதான் அவருடைய நடுக்கருத்து. தன் கொள்கைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயரே விருப்பாற்றலை ஒட்டியது.

டிட்ச்னர் வேறு சரக்கு. 1867-இல் இங்கிலாந்தின் சிசெஸ்டரில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, லைப்சிக்கில் வுண்டிடம் 1892-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே வருடம் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் 1927-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஆக்ஸ்போர்டு அங்கி போட்டுக்கொண்டுதான் வகுப்பெடுப்பாராம். வுண்டிடமிருந்து ஆய்வுக்கூடப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார். தத்துவம் மட்டும், எளிய உணர்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் எண்ணங்கள் உருவாகின்றன என்ற ஆங்கிலேயத் தொடர்புக் கொள்கைக்காரர்களுடையது. மனம் முனைந்து ஒன்றுசேர்க்கிறது என்பதைக் கழற்றி வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது மூலகங்கள்: புலன் உணர்வு, மனப்பிம்பம், இன்பம்-துன்பம் என்ற உணர்ச்சித் தொனி.

அப்புறம் ஏன் புத்தகங்கள் குழப்புகின்றன? டிட்ச்னரின் மாணவர் போரிங் 1929-இல் சோதனை உளவியலின் வரலாற்றை எழுதினார். அமெரிக்க மாணவர்கள் பல காலம் அதைத்தான் படித்தார்கள். அதில் வருகிற வுண்ட், டிட்ச்னரின் கண்ணாடி போட்ட வுண்ட். 1970-களில் புளூமென்தால், டான்சிகர் போன்றவர்கள் ஜெர்மன் மூலத்தைத் திரும்பப் படித்து இதை நேராக்கினார்கள். நம் கைடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆக, ஆய்வுக்கூடம் வுண்டுடையது, வாதம் டிட்ச்னருடையது என்று எழுதுங்கள். 1898-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இரண்டு முகாமுக்கும் பெயரைப் பரப்பியது. எதிர்முகாமுக்கும் சேர்த்துப் பெயர் வைத்தவர் அவரே.

பனங்கிழங்கு:

இடையில் ஒரு சந்தேகம். இலக்கிய விமர்சனத்தில் அமைப்பியல் என்று சொல்கிறார்களே, சசூர், லெவி ஸ்ட்ராஸ், அதுவும் இதுவும் ஒன்றா?

செங்காந்தள்:

இல்லை. அது மொழியியலில் பிறந்து மானிடவியலுக்கும் இலக்கியத்துக்கும் போனது. அங்கே உறுப்புக்குத் தனியாக மதிப்பே கிடையாது, உறவுதான் எல்லாம். டிட்ச்னருக்கு நேர் எதிர். அவருக்கு உறுப்பைத் தனியாகப் பிரித்தெடுத்தால்தான் நிம்மதி.

கூழாங்கல்:

நன்றி சார், வுண்ட் விவகாரம் தெளிந்தது. ஆனால் பிரித்தெடுப்பது என்றால் என்ன என்று இன்னும் கண்ணில் நிற்கவில்லை. ஒரு ஆளை உட்காரவைத்து என்ன செய்வார்கள்?

செங்காந்தள்:

புலனுணர்வு ஆய்வுதான் என் வேலை, அதனால் இதற்கு நான் வருகிறேன்.

மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு விரலைக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். உள்ளே ஒரு சொட்டு போகாது. ஆனாலும் விரல் நனைந்துவிட்டது போலவே இருக்கும். கையுறையைக் கழற்றி, காய்ந்து கிடக்கும் விரலைத் தடவிப் பார்த்தால்தான் நம்புவீர்கள். டிட்ச்னரின் கூடத்தில் மேடிசன் பென்ட்லி செய்து 1900-இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான். "ஈரம்" என்பதற்குத் தோலில் தனியாக ஒரு புலன் இல்லை. சீரான அழுத்தமும் குளிர்ச்சியும் ஒருசேர வந்தால் மனம் அதை ஈரம் என்று எடுத்துக்கொள்கிறது. முதலில் அகநோக்கால் ஈரத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு அந்த இரண்டை மட்டும் செயற்கையாகச் சேர்த்துக் கொடுத்து, ஈரம் திரும்ப வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரித்து மறுபடி சேர்த்துக் காட்டும் வேதியியல்காரரின் அதே நம்பிக்கை.

இந்த நம்பிக்கையில்தான் டிட்ச்னர் 1896-இல் புலன் உணர்வுகளை எண்ணி ஒரு பட்டியல் போட்டார். கண்ணுக்கு மட்டும் 32,820. காதுக்கு 11,600. நாக்குக்கு வெறும் நான்கு. மொத்தம் 44,000-ஐத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் தன்மை, செறிவு, கால அளவு, தெளிவு என்று பண்புகள் வேறு.

உட்காருபவர் மேசையைப் பார்த்து "மேசை" என்று சொல்லிவிட்டால் அது குற்றம். அதற்குத் தூண்டல் பிழை என்று பெயர். இந்த நிறம், இந்த அளவு வெளிச்சம், இந்த ஓரம் என்று சொல்ல வேண்டும். பொருளைச் சொல்லக் கூடாது, பொருள் தெரிவதற்கு முன் வந்த உணர்வைச் சொல்ல வேண்டும். நீலகிரியில் தேயிலை ருசி பார்ப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நமக்கு "டீ நல்லா இருக்கு" என்பதோடு சரி. அவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு நாலைந்து குணத்தைத் தனித்தனியாகச் சொல்வார். டிட்ச்னர் கேட்டது அந்த மாதிரி ஆட்களை. அதற்குக் கடுமையான பயிற்சி வேண்டும்.

மாணவர்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. ரப்பர் குழாயை விழுங்கி, அதன் வழியாகச் சுடுநீரும் குளிர்ந்த நீரும் ஊற்றச் சொல்லி, வயிற்றுக்குள் என்ன தெரிகிறது என்று குறிப்பெழுதினார்கள். மேலே சார் சொன்ன அதே போரிங் 1915-இல் உணவுப் பாதையின் உணர்வுகளைப் பற்றி ஒரு ஆய்வே வெளியிட்டார். கண்ணை மூடிச் சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இல்லை, ராத்திரி ஷிப்ட்.

மௌனவிரதம்:

பெயரிடாமல் உணர்வை மட்டும் கவனிப்பது! இது நம் விபாசனாவில் உள்ளது அல்லவா? இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கிழக்கில் செய்ததை இவர்கள் கோட் சூட் போட்டுச் செய்திருக்கிறார்கள்.

செங்காந்தள்:

பொருளை விட்டு உணர்வைக் கவனிப்பது என்ற அளவில் ஒப்புமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தியானத்தில் அமர்பவருக்கு ஆசை அறுபட வேண்டும். டிட்ச்னருக்கு அட்டவணை நிரம்ப வேண்டும். அவருடைய ஆள் நிம்மதி அடைந்தாரா இல்லையா என்பது அவருக்குத் தேவையே இல்லை, வெளியிலிருந்து கொடுத்த தூண்டலோடு பதில் பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு. அவர்கள் இங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

மட்டுறுத்துநர்:

கிழக்கா மேற்கா விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தலைப்போடு நிற்போம். மௌனவிரதம் அவர்களின் அடுத்த மூன்று பதிவுகள் அங்கே நகர்த்தப்பட்டுள்ளன.

ராத்திரி ஷிப்ட்:

கையுறை சமாச்சாரம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. எது சரியான பதில் என்று பேராசிரியரே பயிற்சி கொடுக்கிறார். பயிற்சியில் தேறாதவரை வெளியே அனுப்புகிறார். தேறியவர் சொன்னதைத் தரவு என்று அச்சடிக்கிறார். நாங்கள் டெஸ்ட் கேஸில் தோற்கிற உள்ளீட்டையெல்லாம் நீக்கிவிட்டு "எல்லாம் பாஸ்" என்று அறிக்கை கொடுத்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

ஓய்வூதியக்காரன்:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதே கேள்வியை 1895-இல் ஒருவர் கேட்டார், பிரின்ஸ்டனில் இருந்த ஜேம்ஸ் மார்க் பால்ட்வின். கைடுகள் தாண்டிப் போய்விடும் சண்டை இது. கூழாங்கல், நீங்கள் கேட்ட "எதற்காக அடித்துக்கொண்டார்கள்" என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

லைப்சிக்கில் லுட்விக் லாங்கே என்பவர் 1888-இல் எதிர்வினை நேரத்தை அளந்தார். ஒலி கேட்டதும் விசையில் இருக்கும் விரலை அசைக்க வேண்டும். ஹிப் க்ரோனோஸ்கோப் என்ற கருவி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். லாங்கே கவனித்தது இது: வரப்போகும் ஒலியின் மேல் மனதை வைத்திருந்தால் ஆள் மெதுவாக அசைகிறார், அசையப்போகும் விரலின் மேல் மனதை வைத்திருந்தால் வேகமாக அசைகிறார். வித்தியாசம் ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு. லைப்சிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஒலியைத் தெளிவாக உணர்ந்து ஏற்றுக்கொள்ள மனம் எடுக்கும் நேரம் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டார்கள். மனதின் ஒரு செயலைக் கடிகாரத்தில் பிடித்தாகிவிட்டது!

பால்ட்வின் தன் பங்குக்கு அளந்தார். சிலருக்குத் தலைகீழாக வந்தது. ஒலியைக் கவனித்தபோதுதான் அவர்கள் வேகமாக இருந்தார்கள். மனிதர்களில் இரண்டு வகை இருக்கிறது, சிலர் புலன் பக்கம் சாய்ந்தவர்கள், சிலர் அசைவுப் பக்கம் சாய்ந்தவர்கள் என்றார் அவர். டிட்ச்னர் விடவில்லை. உங்கள் ஆட்கள் பயிற்சி இல்லாதவர்கள், அவர்கள் எண்ணுக்கு மதிப்பில்லை, நாம் தேடுவது பொதுவான மனம், ராமனின் மனமோ சோமனின் மனமோ அல்ல என்பது அவருடைய வாதம். அப்படியானால் உங்கள் கொள்கைக்கு ஒத்துவருகிற ஆட்களை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு கொள்கை நிரூபணமாகிவிட்டது என்கிறீர்கள் என்று பால்ட்வின் திருப்பினார். ராத்திரி ஷிப்ட் சொன்ன அதே டெஸ்ட் கேஸ்.

ஆய்விதழ்களில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் 1896-இல் சிகாகோவிலிருந்து ஏஞ்சலும் மூரும் ஒரு ஆய்வோடு வந்தார்கள். ஆட்களைத் தொடர்ந்து பயிற்சி கொடுத்து அளந்துகொண்டே போனார்கள். ஆரம்பத்தில் பால்ட்வின் சொன்னது போல ஆளுக்கு ஆள் மாறியது. பயிற்சி ஏற ஏற, லைப்சிக்காரர்கள் சொன்னது போல விரல் பக்கம் கவனம் வைத்த எதிர்வினை வேகமெடுத்தது. யாருடைய எண்ணும் பொய்யில்லை. டிட்ச்னர் அளந்தது பழக்கம் படிந்து முடிந்த நிலையை, பால்ட்வின் அளந்தது பழக்கம் படியத் தொடங்கும் நிலையை.

இப்போது பாருங்கள். கார்னெலில் ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு, துடைத்து எடுக்க வேண்டிய அழுக்கு. சிகாகோவில் அதே வேறுபாடுதான் ஆராய வேண்டிய பொருள். ஏன் அப்படி? அவர்கள் டார்வினைப் படித்து வளர்ந்த தலைமுறை. உயிர்களுக்குள் வேறுபாடு இல்லையென்றால் இயற்கைத் தேர்வுக்கு வேலையே கிடையாது. மனமும் உயிர் பிழைக்க உதவும் ஒரு உறுப்பு என்று எடுத்துக்கொண்டால், அது எங்கே தடுமாறுகிறது, எப்படிப் பழகுகிறது என்பது தானாக முக்கியமாகிவிடும்.

இன்னொன்றும் இதிலிருந்தே வருகிறது. பயிற்சி பெற்றவர் மட்டும்தான் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்றால் குழந்தைக்கு இடமில்லை, மனநோயாளிக்கு இடமில்லை, விலங்குக்குக் கேட்கவே வேண்டாம். சிகாகோ, கொலம்பியா பக்கம் இந்த மூவருக்கும் கதவு திறந்திருந்தது. தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்துவைத்து ஆராய்ந்தது 1898-இல், அதாவது டிட்ச்னரின் அந்தக் கட்டுரை வந்த அதே வருடம்.

கூழாங்கல்:

சார், இதை ஏன் ஒரு புத்தகமும் இப்படிச் சொல்லவில்லை! அப்படியானால் வில்லியம் ஜேம்ஸ் எங்கே வருகிறார்? அவரைத்தானே செயல்பாட்டுவாதத்தின் தந்தை என்கிறார்கள்?

ஓய்வூதியக்காரன்:

தந்தை என்று சொல்லலாம், ஆனால் குடும்பம் நடத்தியவர் அவரில்லை. 1878-இல் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டு, பன்னிரண்டு வருடம் இழுத்தடித்து, 1890-இல் இரண்டு தொகுதியாகப் புத்தகத்தைக் கொடுத்தார். எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைத் துண்டு போட்டால் கையில் கிடைப்பது எண்ணம் அல்ல என்பது அவருடைய கட்சி. ஜெர்மன்காரர்களின் அளவை முறையைப் பற்றி, சலிப்பு என்பதையே அறியாத மக்கள் வாழும் நாட்டில்தான் இப்படி ஒன்று பிறந்திருக்க முடியும் என்று அதே புத்தகத்தில் ஒரு குத்து குத்தியிருக்கிறார். பள்ளி என்று ஒன்றை அவர் கட்டவில்லை. 1903-இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதினார்: ஹார்வர்டில் சிந்தனை உண்டு, பள்ளி இல்லை. யேலில் பள்ளி உண்டு, சிந்தனை இல்லை. சிகாகோவில் இரண்டும் உண்டு.

அந்தச் சிகாகோவைக் கட்டியவர் ஜான் டூயி.

டீச்சரம்மா:

டூயி பேர் வந்ததும் உள்ளே வந்துவிட்டேன். பி.எட்.டில் அவரைக் கல்வித் தத்துவத்தில்தான் படித்தோம், உளவியல் தாளில் ஓரமாக ஒரு வரி. மெழுகுவர்த்தி உதாரணம் அவருடையதுதானே? குழந்தை சுடரைப் பார்க்கும், கையை நீட்டும், சுடும், கையை இழுக்கும்.

ஓய்வூதியக்காரன்:

உதாரணம் ஜேம்ஸிடமிருந்து எடுத்தது அம்மா, அதை உடைத்துக் காட்டியவர் டூயி. 1896-இல், ஏஞ்சல்-மூர் ஆய்வு வந்த அதே ஆய்விதழில். தூண்டல் ஒரு துண்டு, மனதின் உணர்வு ஒரு துண்டு, அசைவு ஒரு துண்டு என்று மூன்றாக வெட்டி வரிசையாக அடுக்குகிறீர்களே, அது தவறு என்றார். சுடரைப் "பார்ப்பது" முதல் துண்டல்ல. தலையைத் திருப்பி, கண்ணை நிலைநிறுத்திப் பார்ப்பதே ஒரு செயல். சுட்ட பிறகு குழந்தை அடுத்த முறை பார்ப்பது வெறும் வெளிச்சத்தை அல்ல, தொட்டால் வலிக்கும் வெளிச்சத்தை. காட்சியே மாறிவிட்டது. எது தூண்டல், எது எதிர்வினை என்பது அந்த நேரத்து வேலையைப் பொறுத்தது.

டீச்சரம்மா:

இதைத்தான் சார் தினமும் பார்க்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், கரும்பலகையில் கழித்தல் கணக்கைப் பார்த்த உடனே பென்சிலைச் சீவக் கிளம்பிவிடுவான். மற்ற பிள்ளைகளுக்கு அது கணக்கு, அவனுக்கு அது திட்டு வாங்கப்போகும் அறிகுறி. அவன் என்ன பார்க்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை தடவை கணக்கை விளக்கினாலும் பிரயோஜனம் இல்லை. என்னைக் கேட்டால் செயல்பாட்டுவாதம்தான் எங்களுக்குச் சோறு. டிட்ச்னரின் 44,000-ஐ வைத்துக்கொண்டு ஒரு வகுப்பை நடத்த முடியுமா?

செங்காந்தள்:

நடத்த முடியாது, அவரும் நடத்தலாம் என்று சொல்லவில்லை. பயன்பாடு விஞ்ஞானத்தின் வேலை இல்லை என்று பகிரங்கமாகவே சொன்னவர். எனக்கு அவர் மேல் வேறு கோபம் உண்டு, கீழே சொல்கிறேன்.

ஆனால் பயன் பயன் என்று ஓடியதில் இடறலும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் என்ற அமெரிக்கர் வுண்டின் மாணவர், கூடவே உதவியாளராகவும் இருந்தவர். ஆளுக்கு ஆள் வேறுபாடு என்ற அமெரிக்கப் பித்தோடு திரும்பி, 1890-இல் "மனச் சோதனைகள்" என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். எதிர்வினை வேகம், கைப்பிடி வலு, தோலில் இரண்டு புள்ளியைப் பிரித்தறிவது என்றெல்லாம் கொலம்பியா மாணவர்களிடம் வருடக்கணக்கில் அளந்தார். 1901-இல் விஸ்லர் என்ற மாணவர் அந்த எண்களைக் கல்லூரி மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய எந்தத் தொடர்பும் இல்லை. எதை அளக்கிறோம் என்ற கேள்வியை முடிக்காமல் எதற்குப் பயன் என்று பாய்ந்தால் இதுதான் நடக்கும். அமைப்பை முதலில் தெளிவாக்கு, செயல் பிறகு என்று 1898-இல் டிட்ச்னர் எச்சரித்ததை நான் ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். உடற்கூறு தெரியாமல் உடலியங்கியலா என்பதுதான் அவர் கேட்டது.

மறுபக்கம், வேறுபாட்டை அளக்கப் போனதால் கிடைத்த நல்லதும் உண்டு. சிகாகோவில் ஹெலன் தாம்சன் 1900-இல் ஆண் பெண் மனத்திறன்களை ஒவ்வொன்றாக அளந்து, வேறுபாடு சிறியது, இருப்பதில் பெரும்பகுதியும் வளர்க்கும் விதத்தால் வருவது என்று காட்டினார். "பொதுவான மனம்" என்று பேசிக்கொண்டிருந்த கூடத்திலிருந்து அந்த ஆய்வு வந்திருக்காது.

இப்போது என் கோபம். டிட்ச்னர் 1904-இல் சோதனை உளவியலாளர்களுக்கென்று ஒரு குழு தொடங்கினார். பெண்களுக்கு அனுமதி இல்லை. சுருட்டுப் புகையோடு தடையில்லாமல் பேச வேண்டுமாம். நிறப் பார்வை ஆய்வில் பெயர்பெற்ற கிறிஸ்டீன் லாட்-ஃபிராங்க்ளின் வருடக்கணக்கில் கடிதம் எழுதிச் சண்டை போட்டார், 1914-இல் எழுதிய கடிதத்தில் இது ஒழுக்கக்கேடு என்றே சொன்னார். ஆள் அசையவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே டிட்ச்னரிடம் முதன்முதலில் முனைவர் பட்டம் வாங்கியவர் மார்கரெட் ஃபிளாய் வாஷ்பர்ன் என்ற பெண், 1894-இல். அமெரிக்காவில் உளவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். பட்டம் கொடுப்பார், பக்கத்தில் உட்காரவிட மாட்டார். டிட்ச்னர் இறந்து, 1929-இல் குழுவைத் திருத்தி அமைத்தபோதுதான் வாஷ்பர்னை உறுப்பினராக்கினார்கள்.

டீச்சரம்மா:

"பட்டம் கொடுப்பார், பக்கத்தில் உட்காரவிட மாட்டார்." ஸ்டாஃப் ரூம் பலகையில் எழுதிப் போடுகிறேன்.

ராத்திரி ஷிப்ட்:

சரி, வாட்சனுக்கு வருவோம். 1913 கட்டுரையில் அவரே சொல்கிறார், இந்த இரண்டு உளவியலுக்கும் என்ன வித்தியாசம் என்று முடிந்தவரை புரிந்துகொள்ளப் பார்த்தேன், தெளிவு வருவதற்குப் பதில் குழப்பம்தான் கூடியது என்று. கூழாங்கல் தனியாள் இல்லை!

ஓய்வூதியக்காரன்:

அருமையான இடம். ஆனால் வாட்சன் யாருடைய பிள்ளை? 1903-இல் சிகாகோவில் ஏஞ்சலிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். விலங்கை ஆராயலாம், செயலைப் பார்க்கலாம், சூழலுக்குத் தகுந்தபடி மாறிக்கொள்வதுதான் முக்கியம் என்று வீட்டில் கற்றுக்கொண்டு, இதில் நனவு என்ற சொல் எதற்கு என்று அதை மட்டும் வெட்டினார். பெருக்கித் தள்ளியவர் வெளியாள் இல்லை.

அமைப்புவாதத்துக்கு உள்ளிருந்தே வந்த அடி வேறு. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க்கில், வுண்டிடம் இருந்த கியூல்பேயின் கூடத்தில், பயிற்சி பெற்ற ஆட்களே சொல்லத் தொடங்கினார்கள்: எடையைத் தூக்கி இது கனம் என்று தீர்ப்புச் சொல்லும்போதோ கடினமான கேள்விக்கு விடை தேடும்போதோ மனதில் எந்தப் பிம்பமும் இல்லை, ஆனால் எண்ணம் இருக்கிறது. பிம்பமில்லாத எண்ணம்! டிட்ச்னரின் மூலகப் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது. கார்னெலில் தேடிப் பார்த்து, இல்லை, மங்கலான உடல் உணர்வோ பிம்பமோ எப்போதும் இருக்கிறது, நீங்கள் கவனிக்கத் தவறுகிறீர்கள் என்றார்கள். வுண்டோ, இப்படி நீளமாகக் கேள்வி கேட்டு யோசிக்கச் சொல்வதே சோதனை இல்லை என்று 1907-இல் கோபித்துக்கொண்டார்.

இங்கே யார் நடுவர்? பால்ட்வின் தகராறில் கடிகாரம் இருந்தது, ஏஞ்சல் வந்து அளந்து காட்ட முடிந்தது. இதில் ஒரு கூடத்தின் அகம் இன்னொரு கூடத்தின் அகத்தோடு மோதுகிறது. அளவுகோல் இல்லை.

டிட்ச்னர் எந்த அளவு பிம்பக்காரர் என்பதற்கு ஒரு சான்று. "அர்த்தம்" என்ற சொல்லை நினைத்தால் தனக்கு என்ன தெரிகிறது என்று 1909-இல் எழுதியிருக்கிறார்: நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கரண்டி முனை, அதற்கு மேலே கொஞ்சம் மஞ்சள், அது அநேகமாகக் கைப்பிடி, கரிய களிமண் மாதிரி ஏதோ ஒன்றுக்குள் அந்த முனை தோண்டி இறங்குகிறது. அருவமான சொல்லுக்கே இப்படி ஒரு படம் வருகிற மனிதர், பிம்பம் இல்லாமல் எண்ணம் உண்டு என்று யாராவது சொன்னால் எப்படி நம்புவார்?

ராத்திரி ஷிப்ட்:

ஆக, ஆளுக்கு ஆள் மனப்பிம்பம் வேறுபடும் என்பதை ஒத்துக்கொண்டிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. பால்ட்வின் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஓய்வூதியக்காரன்:

பாதியாவது குறைந்திருக்கும்.

கூழாங்கல்:

விடையை இப்படி அமைக்கப் போகிறேன், பாருங்கள்: வுண்ட்-டிட்ச்னர் வேறுபாடு ஒரு பத்தி, ஈர விரல் ஒரு பத்தி, எதிர்வினை நேரத் தகராறு விரிவாக, பிறகு டூயி, கடைசியில் "இவ்வாறு செயல்பாட்டுவாதம் வென்றது". சரியா சார்?

ஓய்வூதியக்காரன்:

கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஏஞ்சலே அமெரிக்க உளவியல் சங்கத்தில் ஆற்றி 1907-இல் வெளியான தன் தலைமையுரையில், செயல்பாட்டு உளவியல் இப்போதைக்கு ஒரு நோக்கு, ஒரு திட்டம், ஒரு ஆசை, அதற்கு மேல் பெரிதாக இல்லை என்றுதான் தொடங்குகிறார். அதற்கு முந்தைய தலைமையுரையில் மேரி கால்கின்ஸ் இரண்டையும் சமரசம் செய்யலாம் என்று வாதிட்டார். டிட்ச்னரும் கடைசிக் காலத்தில் மூலகம் என்ற பேச்சைக் கைவிட்டு, பண்புகளைப் பரிமாணங்களாகப் பார்க்கத் திரும்பினார். அவருடைய பெரிய நூல் முடியவே இல்லை, முன்னுரைப் பகுதி மட்டும் இறந்த பிறகு 1929-இல் வந்தது. யாரும் யாரையும் வீழ்த்தவில்லை. கல்வி உளவியல், குழந்தை உளவியல், சோதனைகள் எல்லாம் சிகாகோ-கொலம்பியா பக்கம் போயின. ஏஞ்சலுக்குப் பின் ஹார்வி கார் 1925-இல் பாடநூல் எழுதியபோது, இதற்குத் தனியாகப் பெயரே தேவையில்லை என்னும் அளவுக்கு அது அமெரிக்க உளவியலில் கரைந்துவிட்டிருந்தது.

இந்தியா பற்றி இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தால்: கல்கத்தாவில் முதல் உளவியல் துறையைத் தொடங்கிய என். என். சென்குப்தா, ஹார்வர்டில் மன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். மன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் துறை 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் வந்தது.

ராத்திரி ஷிப்ட்:

செங்காந்தள், ஒன்று கேட்க வேண்டும். பாத்திரம் கழுவும் கையுறையில் முயன்று பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் ஒன்றுமே தெரியவில்லை, ஐஸ் போட்டதும் விரல் நனைந்தாற்போல் ஆனது. ஏன்?

செங்காந்தள்:

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் தோலின் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அந்தக் கையுறையும் தடிமன். குளிர்ச்சி உள்ளே போகவில்லை என்றால் அழுத்தம் மட்டும்தான் மிச்சம், ஈரம் உருவாகாது. இப்போதைய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: மனிதத் தோலில் ஈரத்துக்கென்று தனி ஏற்பி கிடையாது, குளிர்ச்சியையும் தொடுகையையும் வைத்து மூளை ஊகிக்கிறது. தோலைவிடச் சற்றே சூடான ஈரத்துணியைத் தொட்டால் பலர் காய்ந்த துணி என்று சொல்லிவிடுகிறார்கள். மெல்லிய சர்ஜிக்கல் கையுறையில் முயன்று பாருங்கள், ஐஸ் அவ்வளவு தேவைப்படாது.